இருபத்தேழாம் விடைத்தாள்

கிளக்ஸ்விக் துறைமுகத்தில் மூன்று நாளாய் மூடுபனி.
படகு வரவில்லை, பால் வரவில்லை.
விடைத்தாள்கள் மட்டும் பனிக்கு முந்திக்கொண்டு வந்துவிட்டன,
அறுபத்திரண்டு, நீல நாடா கட்டி.

கேள்வி ஒன்றே ஒன்று:
பெரியவர்கள் இல்லாத தீவில் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?
நாவலை முன்வைத்து ஆராய்க.

கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.
பாட்டுப் போட்டிக்குப் போன படகு திசை கெட்டு
பறவைகள் மட்டும் குடியிருக்கும் பாறையில் மோதும்.
மாலுமி இரண்டாம் பக்கத்திலேயே செத்துவிடுவார்,
நாவலாசிரியருக்கு அவ்வளவு அவசரம்.
பத்தொன்பது பிள்ளைகள், ஒரு தீப்பெட்டி.
அது யார் பையில் என்பதுதான் மீதி முந்நூறு பக்கம்.

விடைக்குறிப்பு என் மேசையில்:
மனிதனுக்குள் இருக்கும் இருட்டு, நான்கு மதிப்பெண்.
ஹைனி ஒழுங்கு, ட்ரோந்துர் பசி, ஆறு.
தீப்பெட்டி அதிகாரத்தின் குறியீடு, ஐந்து.
மேற்கோளுக்கும் எழுத்துக்கும் மிச்சம் ஐந்து.

இருபத்தாறு பேரும் அந்த இருட்டை
ஒரே கடையில் வாங்கி வந்திருந்தார்கள்.
கடைக்காரி நான்தான்.
இருபத்திரண்டு வருட வியாபாரம்.

அப்புறம் இருபத்தேழு.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
'இருட்டைப் பற்றி எனக்கு எழுத வராது.
சமையலைப் பற்றி எழுதுகிறேன்' என்று தொடங்குகிறது.

'ஐந்தாம் அத்தியாயத்தில் சிப்பிகள் வெந்தன என்று இருக்கிறது.
தாமாகவா வெந்தன?
ஒன்பதில், சின்னவர்கள் தூங்கவைக்கப்பட்டார்கள்.
யாரால்?
பைன்டா என்ற பெயர் புத்தகம் முழுக்க மூன்றே இடத்தில் வருகிறது.
மூன்றிலும் அவள் கை ஈரம்.
ஹைனியும் ட்ரோந்துரும் எழுவாய்களாக நின்று சண்டை போடுகிறார்கள்.
இவள் செயப்பாட்டு வினைக்குப் பின்னால் நின்று
பானை கழுவுகிறாள்.'

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
அழுக்கு கண்ணாடியில் இல்லை.

'அம்மாவை ஹெலிகாப்டரில் தூக்கிப் போனபோது
அப்பா மீன்கப்பலில், ஐஸ்லாந்துக்கு அப்பால்.
பதினோரு நாள் நானும் இரண்டு தம்பிகளும்.
வெளியே சொல்லவில்லை, சொன்னால் பிரித்துவிடுவார்கள்.
நாங்கள் யாரையும் வேட்டையாடவில்லை.
ஆனால் ஆறாம் நாள் ராத்திரி
சின்னவனை ஆட்டுக்கொட்டிலில் விட்டுப் பூட்டினேன்.
அவன் அழுதான். நானூறு வரை எண்ணினேன்.
திறந்தேன்.
புத்தகத்தில் இதற்குச் சொல் தேடினேன், இல்லை.
அது இருட்டு அல்ல.
எனக்குத் தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.'

இங்கே ஒரு வரி அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், படிக்க முடியவில்லை.

கடைசிப் பத்தி:
'மீட்கும் கப்பல் வருகிறது. தலை எண்ணுகிறார்கள். பதினாறு.
கதையில் செத்தவர்கள் இரண்டு பேர்.
பத்தொன்பதில் இரண்டு போனால் பதினேழு.
மூன்று தடவை எண்ணிவிட்டேன்'

முற்றுப்புள்ளி இல்லை. மணி அடித்திருக்கும்.

அடுக்களை விளக்கில் என் பழைய பிரதியைத் திறந்தேன்.
ஓரமெல்லாம் என் கையெழுத்து:
இருட்டு, இருட்டு, காண்க பக்கம் எண்பது, இருட்டு.
விடிய விடிய பெயர்களைக் காகிதத்தில் இறக்கினேன்.
ஒன்பதாம் அத்தியாயத்தில் தூங்கவைக்கப்பட்ட
இருமல்காரப் பையன் ஒருவன்.
பத்தில் இல்லை.
பதினொன்றில் இருமல் கேட்கவில்லை,
யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.
அச்சுப்பிழையா, ஆசிரியரின் மறதியா,
அல்லது இதுதான் நாவலா?
கேட்கலாமென்றால் ஆசிரியர் மேட்டுக் கல்லறையில்,
கடல் பார்த்த நல்ல இடத்தில்.

குறிப்பின்படி இருபத்தேழுக்கு
எழுத்துக்கு மூன்று தேறும். மற்றதெல்லாம் பூஜ்யம்.
சிவப்புப் பேனாவால் 17 என்று போட்டேன்.
மதிப்பெண்ணா, ஆள்கணக்கா என்று
மேலிடத்தில் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஜன்னலில் பனி அப்படியே.
இருபத்தெட்டை எடுத்தேன்.
'மனிதனுக்குள் இருக்கும் இருட்டை' என்று,
அழகான எழுத்து.